சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வினாத்தாள் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) மாணவர்களுக்கு சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தை நடத்துகிறேன். பாடத்திட்டக் குழுவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. வகுப்பில் எது நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பாடத்திட்டம் இல்லை, நீங்கள் போடும் கேள்விகள்தான். பழைய வினாத்தாள்களில் வராத பகுதியை எடுத்தால், "இது எக்ஸாமுக்கு வருமா சார்?" என்ற கேள்வி கடைசி பெஞ்சிலிருந்து வந்துவிடும்.

13 மார்க் என்றால் கன்வல்யூஷன் உறுதி, அதாவது ஒரு சிஸ்டத்துக்குள் போகும் இன்புட்டிலிருந்து வெளிவரும் அவுட்புட்டைக் கணக்கிடும் முறை. இன்புட் 1, 2, 3. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (இம்பல்ஸ், அதாவது ஒரே ஒரு கணம் மட்டும் 1, கொடுத்தால் சிஸ்டம் தருவது) 1, 1, 1. கட்டம் போட்டு, பெருக்கி, மூலைவிட்டமாகக் கூட்டினால் 1, 3, 6, 5, 3. தேர்ச்சி பெற்ற யாரும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார்கள். இந்தக் கட்டம் ஏன் சரியான விடையைத் தருகிறது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லையே.

விடையில் கஷ்டம் எதுவும் இல்லை. எந்த டிஸ்க்ரீட் சிக்னலையும் (எண்களின் வரிசையாக வரும் சிக்னல்) வெவ்வேறு உயரத்தில், வெவ்வேறு இடத்தில் நிற்கும் இம்பல்ஸ்களாகப் பிரித்துவிடலாம். சிஸ்டம் டைம் இன்வேரியன்ட்டாக இருந்தால், தாமதமாக வரும் இம்பல்ஸுக்கும் அதே ரெஸ்பான்ஸ்தான், அதே அளவு தாமதமாக வரும். லீனியராக இருந்தால், உயரத்துக்கு ஏற்பப் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே ஒரு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை வைத்துக்கொண்டு எந்த இன்புட்டுக்கும் அவுட்புட் சொல்ல முடிகிறது. இரண்டு குணங்களில் ஒன்று இல்லையென்றாலும் கட்டம் வீண்.

இதைச் சோதிக்க ஒரு கேள்வி சொல்கிறேன். நேர எண்ணை (0, 1, 2 என்று நகரும் வரிசை எண்) இன்புட்டோடு பெருக்கித் தரும் சிஸ்டம் ஒன்று. பூஜ்யத்தில் இம்பல்ஸ் கொடுத்தால், பூஜ்யத்தால் பெருக்கப்பட்டு அவுட்புட் முழுக்கப் பூஜ்யம். அப்படியானால் கன்வல்யூஷன்படி எந்த இன்புட் கொடுத்தாலும் பூஜ்யம்தான் வர வேண்டும். ஆனால் பூஜ்யத்திலிருந்து தொடங்கி 1, 2, 3 கொடுத்துப் பார்த்தால் 0, 2, 6 வருகிறது. எங்கே இடித்தது? சிஸ்டம் லீனியர்தான், சந்தேகமில்லை. ஆனால் ஓரிடம் தள்ளி வைத்த இம்பல்ஸுக்கு 1 வருகிறது. டைம் இன்வேரியன்ட் இல்லை. இந்தக் கேள்வியைச் சொந்தமாகப் போட்டுப் பார்த்த மாணவர், அந்த இரண்டு நிபந்தனைகளையும் வரையறையாக மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்க மாட்டார்.

சாம்பிளிங்கிலும், அதாவது தொடர் சிக்னலைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாக்குவதிலும், இதே கதை. எவ்வளவு வேகமாகச் சாம்பிள் எடுத்தால் மூல சிக்னலை மீட்கலாம் என்று சொல்லும் தேற்றத்தைக் கூறி நிறுவுக என்று கேட்கிறீர்கள். பிள்ளைகள் நிரூபணத்தை வரி பிசகாமல் எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக டெலிபோனை எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் டெலிபோனில் பேச்சை நொடிக்கு 8,000 முறை சாம்பிள் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக நொடிக்கு 64,000 பிட். அங்கே முதலில் ஃபில்டர் போட்டு வடிகட்டாமல் 7,000 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டால் மறுமுனையில் என்ன கேட்கும்? 1,000 ஹெர்ட்ஸ். சரி, சாம்பிள் எடுத்த பிறகு ஃபில்டர் போட்டு இதைத் திருத்த முடியுமா? முடியாது. 7,000 ஹெர்ட்ஸ், 1,000 ஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு கொசைன் அலைகளும் தரும் எண்கள் அச்சு அசலாக ஒன்றே, பிரித்துப் பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை. ஃபில்டர் ஏன் சாம்பிளருக்கு முன்னால் இருக்கிறது என்பது அப்போது விளங்கும். தொடர் சிக்னலுக்கும் டிஸ்க்ரீட் சிக்னலுக்கும் உள்ள உறவின் சாரமே இங்கேதான் இருக்கிறது.

(சிடிக்கு ஏன் நொடிக்கு 44,000 சாம்பிள் என்று ரவுண்டாக இல்லாமல் 44,100 என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். நொடிக்கு 60 ஃபீல்டு (வீடியோவின் பாதிப் படம்), ஃபீல்டுக்கு 245 வரி, வரிக்கு 3 சாம்பிள், பெருக்கிப் பாருங்கள். பரீட்சைக்கு வேண்டாம், வகுப்பு தூங்கும்போது உதவும்.)

இப்படிக் கேட்டால் திருத்துவது கஷ்டம் என்று சொல்வீர்கள். நூற்றுக்கணக்கான பேர் திருத்தும் தாளுக்குத் தெளிவான கீ (விடைக்குறிப்பு) வேண்டும், உண்மைதான். ஆனால் நான் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் விடை எண்களில் இருக்கிறது, கீ நான்கு வரியில் முடியும். தேர்ச்சி விகிதம் விழும் என்ற பயம் நிர்வாகங்களுக்கு இருக்கும், எங்கள் நிர்வாகத்துக்கும்தான். ஆனால் தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்க ஆங்கில நிரூபணத்தை உருப்போடுவதைவிட 0, 2, 6 என்று எழுதி, கீழே ஒரு வரியில் காரணம் சொல்வது அவருக்கு எளிது.

வினாத்தாளைத் தலைகீழாக மாற்றச் சொல்லவில்லை. கட்டம் போடும் கணக்கு இருக்கட்டும். அதுவும் கைக்கு வர வேண்டியதுதான். அடுத்த செமஸ்டரில் அந்தக் கணக்குக்குக் கீழே "இந்த முறை பொருந்தாத ஒரு சிஸ்டத்தை எழுதி, ஏன் பொருந்தாது என்று காட்டுக" என்று ஒரு உட்பிரிவு சேருங்கள். 3 மார்க் போதும். அதற்கு மாணவர்களைத் தயார் செய்வது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்கள் தாளுக்காகப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்