பெரியக்காவுக்கு, அந்த ஆமிக்காரனைப் பற்றி

பெரியக்கா,

அம்மாவின் திவசம் நேற்று நல்லபடியாக முடிந்தது. படங்களைக் குழுவில் போட்டிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல. மருமகன் கனடா ஆமியில் சேர்ந்து சத்தியப்பிரமாணம் எடுத்த படத்துக்குக் கீழே சொந்தம் முழுக்க ‘எங்கள் வீட்டு வீரன்’ என்று எழுத, நான் மட்டும் பேசாமல் இருந்தேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். அவன் மனம் நொந்துபோனான் என்று அத்தான் சொன்னார். அவனை நோகடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை அக்கா. இப்போதும் முடியாது.

தொலைபேசியில் சொன்னால் பாதியில் அழுவீர்கள், நானும் நிறுத்திவிடுவேன். பொதுவில் எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. வெளிநாட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் அந்தந்த நாட்டுப் படைகளில் சேர்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் ஒரு காலத்தில் சீருடையைக் கண்டு ஓடியவர்கள். அந்த வீடுகளிலும் இதைப் பேச வேண்டும். பலர் வாசிக்கிற இடம் என்பதால் தம்பியின் பெயரையும், அவன் எங்கே போனான் என்பதையும் எழுதமாட்டேன். நவம்பரில் நான் எங்கே நிற்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கேட்க வேண்டாம்.

1996 செப்டெம்பர். இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான். கரண்ட் இல்லை, இரவில் ஊரடங்கு. சாமத்தில் அம்மாவுக்கு முட்டு கூடி உதடு நீலமாகிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் வழியெல்லாம் சென்றி, ஆமியின் காவலரண்கள். அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தினேன். பக்கத்து வீட்டு மாமி பின்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஹாண்டிலில் லாம்பைக் கொழுவி, பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியும் கட்டி உருட்டிக்கொண்டு போனோம். வெளிச்சம் தெரிந்தால்தான் ஒளித்து வரவில்லை என்று நினைப்பார்கள்.

முதல் சென்றியில் ‘ஹோல்ட்’ என்று கத்தினார்கள். டோர்ச் முகத்தில் அடித்தது. எனக்கு வாய் வரவில்லை, அம்மாவின் மூச்சுச் சத்தம்தான் எங்களுக்காகப் பேசியது. அங்கே நின்றவனுக்கு என் வயதுதான் இருக்கும், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தான். வோக்கியில் ஏதோ கேட்டான். வந்த பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு துவக்கை முதுகில் போட்டான். லாம்பைக் கழற்றித் தன் கையில் எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினான். அடுத்த சென்றி கண்ணில் படுவதற்கு முன்பே “மச்சாங், வெடி தியன்ன எப்பா! வெடி தியன்ன எப்பா!” என்று கத்திக்கொண்டே போனான். சுட வேண்டாம் என்று தன் ஆட்களையே கெஞ்சினான்.

அந்த லாம்பு வெளிச்சத்தில் அவன் நெஞ்சு நன்றாகத் தெரிந்தது. ஸ்டான்லி வீதிக் குண்டுவெடிப்பு நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சென்றிகளுக்குக் கைக்குண்டு எறிகிற காலம். இருட்டுக்குள் யார் இருந்திருக்கக்கூடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. முன்னால் இருப்பவன் பயத்தில் சுட்டாலும் சாவு, மதிலுக்குப் பின்னால் இருப்பவன் சுட்டாலும் சாவு. உயிரோடு திரும்பினால் காவலை விட்டுப் போனதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்துதான் நடந்தான். பார்த்துக் கைதட்ட அங்கே ஒருவரும் இல்லை.

தட்டாதெருச் சந்தியில் எங்களை மற்றவர்களிடம் பாரம் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அப்போது அம்மா அவன் கையைப் பிடித்தார். மூச்சு வாங்க வாங்க, “நல்லா இரு மோனே” என்றார். தம்பி வெளிக்கிட்ட அன்று படலையில் நின்று சொன்னாரே, அதே சொல், அதே குரல்.

இதைத்தான் இவ்வளவு காலம் உங்களுக்குச் சொல்லவில்லை. தம்பியின் செய்தி வந்து நீங்கள் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்த நேரம். அம்மா ஒரு ஆமிக்காரனை மோனே என்று கூப்பிட்டார் என்பதை அப்போது எப்படிச் சொல்வது? உங்களைக் காப்பாற்றத்தான் மறைத்தேன். ஆனால் அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே தம்பியின் அக்கா என்று உங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். இங்கே அவனுடைய அண்ணன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்திய இடம் வேறு. அதைப் பற்றி ஒரு வரியும் எழுதமாட்டேன். நீங்கள் அனுப்பிய காசில்தான் அம்மாவுக்குக் கடைசிவரை மருந்து வாங்கினோம், அதையும் மறக்கவில்லை.

அதே செப்டெம்பரில்தான் கைதடிச் சென்றியில் அது நடந்தது. இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் திரும்பிய சுண்டுக்குளிப் பள்ளிக்கூடப் பிள்ளை. அவளைத் தேடிப்போன தாய், தம்பி, குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர். நான்கு பேரையும் ஆமிக்காரர்கள் கொன்று புதைத்தார்கள். அந்த வழக்கில் 1998இல் மரணதண்டனை விதிக்கப்பட்டவர்களில் ஒருவன், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானவர்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னான். 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை அடையாளம் கண்டார்கள். அவற்றில் சின்னப் பிள்ளைகளுடையவையும் இருந்தன.

லாம்போடு எங்களுக்கு முன்னால் நடந்த அந்தப் பொடியன் போட்டிருந்ததும் அதே உடுப்புத்தான். அவனைப் பற்றி நல்லதாக எழுதினால் செம்மணிக்கு வெள்ளையடிக்கிறேன் என்று இங்கே சிலர் சொல்வார்கள். நான் நினைப்பது நேர்மாறு. கட்டளை, போர், பயம் என்று மற்றவர்கள் சொன்ன சாட்டெல்லாம் அவனுக்கும் இருந்தது. அவன் ஒருவன் அப்படி நடந்ததால்தான் அந்தச் சாட்டு ஒருவருக்கும் செல்லாது என்கிறேன். அவனைக் காட்டி ‘பார், ஆமி நல்லது’ என்று சொல்ல வருகிறவர்களுக்கும் இதில் ஒன்றும் இல்லை. ஆமி அவனை நிற்கச் சொன்ன இடத்தில் அவன் நிற்கவில்லை.

கனடா ஆமி இப்படியெல்லாம் செய்யாது என்று எழுதியிருந்தீர்கள். அக்கா, 1993இல் சோமாலியாவில் கனடாவின் வான்குடைப் படையணிச் சிப்பாய்கள் 16 வயதுப் பொடியன் ஒருவனை முகாமுக்குள் வைத்து அடித்தே கொன்றார்கள். அந்தப் படையணியையே 1995இல் கலைக்க வேண்டி வந்தது. அந்தப் பொடியன் செத்த அதே மாதம் அங்கே வேறொரு சோமாலியரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த உடலைப் பார்த்த இராணுவ மருத்துவர் பரி ஆம்ஸ்ட்ராங், இது கிட்டத்தில் வைத்துச் சுட்ட கொலைபோல் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். கூட இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எதிராக, வெளிநாட்டு முகாமில் இருந்துகொண்டு, ஒரு ஏழை நாட்டுக்காரனுக்காக அதைச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? மருமகன் சேர்ந்திருப்பதும் மருத்துவப் பிரிவில் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய பெயர் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவன் கெட்டிக்காரன், இரக்கமான பிள்ளை. அம்மா செத்தபோது திரையில் பார்த்து அழுத ஒரே பேரப்பிள்ளை அவன்தான். அவன் பயப்படாமல் காயக்காரனிடம் ஓடுவான் என்று நம்புகிறேன். ஆனால் உடுப்புப் போட்ட நாளில் வீரன் என்று கூப்பிட்டால், நாளைக்கு அவன் என்ன செய்தாலும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். தம்பிக்கும் வீட்டைவிட்டுப் போன அன்றே அந்தப் பட்டத்தை ஊர் கொடுத்தது. பதினேழு வயதில். பிறகு அவன் திரும்பி வர நினைத்திருந்தாலும் எந்த முகத்தோடு வருவான்? இதை நான் கேட்கக்கூடாது என்று சொல்வார்கள். அவனோடு ஒரே பாயில் படுத்தவன் நான், எனக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

சரி, மருமகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. நீங்கள் இருந்து வாசித்துக் காட்டுங்கள், உங்களுக்குக் கஷ்டமான இடங்களையும் விடாமல். பிறகு ஒன்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிற தன் சிநேகிதன் செய்யக்கூடாததைச் செய்யும்போது அவன் என்ன செய்வான்? உடனே பதில் வேண்டாம், யோசிக்கட்டும். யோசித்தபின் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்களுக்குப் பகல் என்றால் எனக்கு இரவு, பரவாயில்லை, எந்த நேரமும் எடுப்பேன்.

உங்கள்
பெரியதம்பி