பற்றரியில் பிழையில்லை, மணிக்கூட்டைப் பாருங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கரண்ட் பில் வந்த கையோடு எங்கள் கடைப் போன் அடிக்கத் தொடங்கும். “இவ்வளவு காசைப் போட்டுப் பற்றரி வைச்சும் பில் குறையேல்லையே தம்பி, பற்றரி பழுதோ?” என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. போய்ப் பார்த்தால் பற்றரி நல்ல சுகமாக இருக்கும். கூரைச் சோலரையும் பற்றரியையும் ஆளும் பெட்டியான இன்வேட்டருக்குள் யாரோ அழுத்திவிட்ட எண்களில்தான் கோளாறு இருக்கும். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் இதை எழுதுகிறோம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கதை. கோண்டாவிலில் ஒரு அம்மா, தனியாக இருக்கிறார். கூரையில் 2018இல் போட்ட சோலர். போன வருடம், பற்றரியையும் சேர்த்து ஆளும் ஹைபிரிட் இன்வேட்டரும் 5.12 அலகு கொள்ளளவுள்ள லிதியம் பற்றரியும் சேர்த்தோம். ஆவணியில் கூப்பிட்டு, “பொழுதுபட முதலே பற்றரி முடிஞ்சு போகுது, பிறகு இரவிரவாக அது கரண்டைக் குடிக்குது” என்றார். நாங்கள் நம்பவில்லை. பின்னேரம் ஐந்தரைக்குப் போனோம். திரையில் பற்றரி 22 சதவீதம். ஆறு மணி அடிக்க, எங்கள் கண்முன்னாலேயே மீற்றரிலிருந்து 2 கிலோவாட் பற்றரிக்குள் ஓடத் தொடங்கியது. திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தோம்: 22:30.

மகன் மெல்பேர்னில் இருக்கிறார். அம்மாவுக்கு உதவி என்று, இன்வேட்டரைப் போனிலிருந்து பார்க்கும் செயலியில் கணக்கை அவரே திறந்திருந்தார். கணக்குத் திறந்தபோது நேர வலயம் மெல்பேர்ன் என்றே விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் அவர்களின் நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முந்தி. எந்த நேரம் பற்றரி இறங்கலாம், எந்த நேரம் நிரம்பலாம் என்று சொல்ல இன்வேட்டரில் ஆறு நேரக் கட்டங்கள் உண்டு. பற்றரி இறங்கட்டும் என்று நாங்கள் 18:30க்குப் போட்டுவைத்த கட்டம் இங்கே பிற்பகல் 2 மணிக்கே ஆரம்பித்தது. நிரப்பும் 22:30 கட்டம் மாலை 6 மணிக்கு. அதாவது வெயில் எறிக்கும் நேரத்தில் பற்றரியைக் காலியாக்கி மின்சார சபைக்கு விற்று, விலை உச்சத்தில் நிற்கும் நேரத்தில் சபையிடமே வாங்கி நிரப்பிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குப் பிசகாமல் செய்தது, மெல்பேர்ன் நேரத்துக்கு.

நாங்களும் அன்றைக்கு ஒரு பிழை விட்டோம். திரையில் நேரத்தைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டோம். அடுத்த நாள் திரும்பவும் பழைய நேரம். இன்வேட்டரை இணையத்தோடு இணைக்கும் வைஃபை டொங்கிள், செயலியின் சேர்வரோடு பேசும்போது கணக்கில் இருக்கும் நேர வலயத்தைத் திருப்பித் திணித்துவிடும். ஆகவே திருத்த வேண்டிய இடம் செயலி: அதில் உங்கள் வீட்டுச் சோலருக்குப் பெயர் ‘நிலையம்’, அந்த நிலையத்தின் விபரங்களுக்குள் போய் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள், பிறகு திரையைப் பாருங்கள். சில வீடுகளில் சீன நேரம் நிற்கிறது, அது இரண்டரை மணித்தியாலம் முந்தி. போனைக் கீழே வைக்க முன்னர், தயவுசெய்து இன்றைக்கே இதை ஒருக்கால் பாருங்கள்.

சரி, மணிக்கூடு ஒழுங்கு. அடுத்தது உங்கள் பில். இதைப் பார்க்காமல் யாரும் நேரக் கட்டங்களைத் தொட வேண்டாம். யூடியூப்பில் வரும் செற்றிங் கலிபோர்னியாவுக்கோ சிட்னிக்கோ சரியாக இருக்கலாம். அங்கே உச்ச நேரம் வேறு, விற்கும் விலை வேறு.

இலங்கையில் வீடுகளுக்கு இரண்டு விதமான கட்டணம் உண்டு. பெரும்பாலானோர் இருப்பது படிமுறையில்: கூடப் பாவிக்கக் கூட, அலகின் விலை ஏறும், 180 அலகைத் தாண்டினால் ஆக உயர்ந்த படி. இதில் காலை 3 மணி அலகும் இரவு 8 மணி அலகும் ஒரே விலை. மற்றது நாங்களாக விரும்பி மாறும் நேரவாரிக் கட்டணம். அதில் காலை 5.30இலிருந்து மாலை 6.30 வரை பகல் விலை, 6.30இலிருந்து இரவு 10.30 வரை உச்ச விலை, 10.30இலிருந்து விடிய 5.30 வரை மலிவு விலை. ரூபாக் கணக்கை இங்கே எழுதவில்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு விலையைத் திருத்தத் திருத்த இந்தத் தாள் பழசாகிவிடும். உங்கள் கடைசிப் பில்லில் இருப்பதே கணக்கு. பில்லில் அலகுகள் மூன்று வரிகளாகப் பிரிந்து வந்திருந்தால் நீங்கள் நேரவாரிக்காரர். இல்லையென்றால் படிமுறைக்காரர்.

படிமுறைக்காரருக்கு நேரக் கட்டங்களால் ஒரு சதமும் மிச்சமில்லை. எல்லாக் கட்டங்களிலும் அடிமட்டத்தை, அதாவது பற்றரி அதற்குக் கீழே இறங்காத சதவீதத்தை, 20 அல்லது 30 என்று ஒரே எண்ணாக விட்டு, கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘சபையிலிருந்து நிரப்பு’ என்பதற்குப் போடும் சரி அடையாளங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பொழுதுபட்ட பிறகு பற்றரி வீட்டை இழுக்கட்டும், விடிய வெயில் திருப்பி நிரப்பட்டும். இரவில் மின்சார சபையிலிருந்து பற்றரியை நிரப்புவது படிமுறையில் வீண் செலவு. 10 அலகு உள்ளே போனால் வெளியே வருவது எட்டரை, ஒன்பது அலகுதான். மிச்சம் சூடாகப் போய்விடும்.

அப்புறம் சோலர் ஒப்பந்தம். நெற் மீற்றரிங் வைத்திருப்பவர்களுக்குப் பகலில் கொடுத்த அலகு இரவில் அலகாகவே திரும்பி வரும். சபையே உங்கள் பற்றரி. அவர்களுக்குச் சொந்தப் பற்றரி கரண்ட் நிற்கும் நேரத்துக்கு மட்டும்தான் பிரயோசனம். அடிமட்டத்தை 80இல் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். (விற்பனைக்கு வந்தபோதே இதைத்தான் சொன்னோம், சிலர் கேட்கவில்லை.) நெற் அக்கவுண்டிங் என்றால் கதை வேறு, மிஞ்சும் அலகுக்குச் சபை காசு தரும். 2016இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடத்துக்கு அலகு 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15.50 ரூபா என்று ஒப்பந்தம். 2017, 2018இல் போட்டவர்களுக்கு அந்த ஏழு வருடம் முடிந்துவிட்டது. 15.50க்கு விற்கும் அலகை, இரவில் அதைவிடக் கூடின விலைக்கு வாங்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது இலாபம். அண்மைக்காலமாகப் பற்றரி கேட்டு வருகிறவர்களில் பழைய சோலர்க்காரர் கூட இருப்பது இதனால்தான்.

இங்கேதான் ஒரு மெனுப் பெயர் பலரையும் ஏமாற்றுகிறது. எங்களிடம் வாங்கிய இன்வேட்டர்களில் வேலை செய்யும் முறை மூன்று இருக்கும். “செல்லிங் ஃபெர்ஸ்ட்” என்று போட்டால் கூரையில் மிஞ்சுவதோடு பற்றரியில் இருப்பதையும் சேர்த்து விற்றுவிடும். “ஸீரோ எக்ஸ்போட் ரு சி.ரி” (சி.ரி என்பது மெயின் வயரில் கவ்வும் அளவு வளையம்) என்ற பெயரைக் கண்டதும் விற்பனையே நின்றுவிடும் என்று பயந்து ஒருவரும் அதைத் தொடுவதில்லை. அதற்குக் கீழே “சோலர் செல்” என்று ஒரு சிறு பெட்டி உண்டு. அதில் சரி போட்டால் பற்றரி வீட்டுக்கு மட்டும். கூரையில் மிஞ்சுவது வழமைபோலச் சபைக்கு. பழைய ஒப்பந்தக்காரர் எல்லாருக்கும் இதுதான் பொருத்தம். கோண்டாவில் அம்மாவின் வீட்டிலும் கடைசியாக இதைத்தான் மாற்றினோம்.

இனி நேரவாரிக்காரருக்கு. யாழ்ப்பாணத்தில் சூரியன் படுவது கார்த்திகையில் ஆறுக்குக் கொஞ்சம் முதல், ஆடியில் ஆறரையைக் கொஞ்சம் தாண்டி. உச்ச விலை தொடங்குவதும் ஆறரைக்கு. ஆகவே உச்ச நேரத்துக்குக் கூரையிலிருந்து உதவி வராது, பற்றரிதான் தனியாக இழுக்க வேண்டும். 5.12 அலகுப் பற்றரியில் 20 சதவீதத்தை விட்டால் கையில் இருப்பது ஏறக்குறைய 4 அலகு. நாலு மணித்தியாலத்துக்கு நாலு அலகு, சராசரி 1,000 வாட். பிறிட்ஜ், நாலு ஃபேன், ரிவி, லைற், அரை மணித்தியாலம் றைஸ் குக்கர் என்றால் தாராளம். அதற்குள் அயனும் கிணற்று மோட்டரும் சேர்ந்தால் ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். மோட்டரைப் பகல் பதினொரு மணிக்கு ஓடவிட்டுத் தண்ணித் தாங்கியை நிரப்பிவிடுங்கள். அதற்குச் செற்றிங் ஒன்றும் தேவையில்லை.

ஆறு கட்டங்களிலும் உள்ள சதவீத எண்ணைப் பற்றி ஒரு விளக்கம். பக்கத்தில் சபை நிரப்பும் சரி அடையாளம் இல்லையென்றால் அந்த எண் அடிமட்டம், அதற்குக் கீழே பற்றரி இறங்காது. சரி அடையாளம் இருந்தால் அதே எண் இலக்கு, அந்த அளவுக்குச் சபையிலிருந்து நிரப்பும். ஒரே எண்ணுக்கு இரண்டு வேலை. “பற்றரி நிறையட்டும்” என்று மாலைக் கட்டத்தில் 100 போட்ட ஒரு ஆசிரியர் வீட்டில், முழுப் பற்றரி சுவரில் தொங்கிக்கொண்டிருக்க ஒன்றரை மாதம் உச்ச விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

கோடை காலத்துக்கு நாங்கள் வைப்பது இப்படி. 05:30க்கு 20, 14:30க்கு 90, 18:30க்கு 20, 22:30க்கு 100, அடுத்து 00:00க்கும் அதே 100. மிஞ்சும் ஒரு கட்டத்துக்கு முன்னையதின் எண்ணையே கொடுங்கள். எங்கும் சரி அடையாளம் வேண்டாம். காலையில் மிச்சம் இருப்பது தேத்தண்ணிக்கும் இடியப்பத்துக்கும் போகும், மத்தியானத்துக்குப் பிறகு பற்றரி இறங்காமல் நிறையும், ஆறரைக்கு வீட்டை எடுக்கும், பத்தரைக்குப் பிறகு மலிவு நேரத்தில் ஓய்வெடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் நாலு நாள் வெயிலைக் காணாது. அப்போது மட்டும் 22:30, 00:00 இரண்டிலும் சரி அடையாளம் போட்டு 80 என்று வையுங்கள். ஆனால் 05:30 கட்டத்தில் 20ஐ அப்படியே விட்டால் இரவில் மலிவாக நிரப்பியதைக் காலைக் குசினி தின்றுவிடும், மாலைக்கு ஒன்றும் இராது. அதையும் 80 ஆக்குங்கள். போன மாரியில் எங்கள் கடையிலேயே இதை மறந்துவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மழை விட்டதும் திருப்பி மாற்ற வேண்டும். கலண்டரில் எழுதி வையுங்கள்.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் கணக்கு உதைக்கிறது என்றால் சி.ரி வளையத்தைச் சந்தேகப்படுங்கள். மெயின் வயரைச் சுற்றிக் கவ்வியிருக்கும் சிறிய கறுப்பு வளையம் அது. வீடு எவ்வளவு இழுக்கிறது என்று இன்வேட்டருக்குச் சொல்வது அதுதான். மீற்றர் மாற்ற வந்தவர்களோ வயறிங் வேலைக்காரரோ கழற்றித் தலைகீழாக மாட்டிவிட்டால் வாங்குவது விற்பதாகத் தெரியும். இரவு எட்டு மணிக்கு, வெயில் இல்லாத நேரத்தில், திரையில் சபைப் பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டு கேத்திலைப் போடுங்கள். பற்றரி உடனே ஏறக்குறைய 2,000 வாட் கூட்டிக் கொடுத்து, சபைப் பக்கம் பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் வளையம் சரி. பற்றரி அசையாமல் நின்றாலோ, கேத்தில் போட்டதும் பற்றரி நிரம்பத் தொடங்கினாலோ எங்களைக் கூப்பிடுங்கள். மெயின் போட்டை நீங்களே திறக்க வேண்டாம். கூப்பிட முன்னர் அந்த நேரத்துக்குரிய கட்டத்தின் வாட் எண்ணையும் ஒருக்கால் பாருங்கள். சிலதில் 500 என்று கிடக்கும், பற்றரி அதற்கு மேல் கொடுக்காது.

40 சதவீதத்தில் நின்ற பற்றரி திடீரென 8க்கு விழுந்தால் அதுவும் பழுது என்றில்லை. லிதியம் பற்றரியின் வோல்ற்றேச் நடுவில் தட்டையாகவே நிற்கும், அதை வைத்து அளவு சொல்வது கஷ்டம். பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் இடையே ஓடும் மெல்லிய தொடர்பு வயர் கழன்றால் இன்வேட்டர் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். வயர் இறுக்கமாக இருந்தால், இரண்டு கிழமைக்கு ஒருதரம் முழுதாக 100 வரை நிறைய விடுங்கள், கணக்குத் தானாக நேராகும்.

சிலர் எங்களிடம் காதோடு காதாகக் கேட்கிறார்கள், மலிவு நேரத்தில் சபையிடம் வாங்கி உச்ச நேரத்தில் சபைக்கே விற்றால் என்ன என்று. கூரையில் விளைவதை விற்கத்தான் உங்களோடு ஒப்பந்தம். நாங்கள் அப்படிப் பூட்டித் தர மாட்டோம், கேட்க வேண்டாம்.

அடிமட்டத்தை ஏன் 5க்கு இறக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுக்கக் கரண்ட் நின்றதே, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னாரே, அந்த நாள். நல்ல வெயில். ஆனாலும் பற்றரி இல்லாத சோலர் வீடுகள் எல்லாம் இருட்டு, ஏனென்றால் சபையின் கரண்ட் இல்லாவிட்டால் சாதாரண இன்வேட்டர் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி சபை கேட்டதும் நினைவிருக்கும். அந்த 20 சதவீதம் அப்படியான நாட்களுக்கு.

கூப்பிட முன்னர் மூன்று படம் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்: கடைசிப் பில்லின் முன்பக்கம், ஆறு நேரக் கட்டங்கள் தெரியும் திரை, மணிக்கூடு தெரியும் முதல் திரை. பாதிப் பேருக்கு அதைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம், வீட்டுக்கு வந்து காசு வாங்கத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் செயலியின் கடவுச்சொல் இருந்தால், நாங்கள் வருகிற நாளில் ஒன்றும் தொட வேண்டாம் என்று முதலே சொல்லி வையுங்கள். போன கிழமை ஒரு வீட்டில் நாங்கள் இங்கிருந்து மாற்ற, மகள் ரொறன்ரோவிலிருந்து திருப்பி மாற்ற, முக்கால் மணித்தியாலம் இன்வேட்டரைத் திட்டிக்கொண்டு நின்றோம்.

அன்புடன்,
உங்கள் சோலர் கடையார்
யாழ்ப்பாணம்