ஆண்டறிக்கை: ஜெயில் கேண்டீன் காசுக்குக் கணக்கு கேட்ட வருஷம்

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல், பிக்னிக், தமிழ் ஸ்கூல் மூணும் நல்லபடியா முடிஞ்சுது, போட்டோ எல்லாம் குரூப்லயே கெடக்கு, அதை இங்க நீட்டல. போன பொதுக்குழுல பேப்பர் பிளேட் பில் எங்கன்னு பொருளாளரை அரைமணி நேரம் நிக்க வச்சீங்கல்ல, அதே கண்ணோட இங்க கலிஃபோர்னியாவுல நம்ம கவுண்ட்டி (நம்மூரு மாவட்டம் மாதிரி) ஜெயில் கணக்கையும் பாத்தோம்.

தமிழ்ச் சங்கத்துக்கு இது தேவையான்னு கேட்டீங்க. நம்ம மெம்பர் அக்கா ஒருத்தங்க பையன் கேஸ் முடியிற வரைக்கும் உள்ள இருந்தான், வாராவாரம் அவன் அக்கவுண்ட்ல காசு போட்டது அவங்கதான், சோப்பு, நூடுல்ஸ் எல்லாமே ஜெயில் கேண்டீன்ல வெளிக்கடைய விட வெல ஜாஸ்தி, அந்த லாபம் போய்ச் சேர்ற எடம் கைதிகள் நல நிதி, கைதிங்க பேசுற போனுக்குக் கம்பெனி கமிஷன் தந்தா அதுவும் அங்கதான். நம்மாளுங்க யாரும் உள்ள போகமாட்டாங்கன்னு பேசுறவங்க அந்த அக்கா முகத்தப் பாத்து சொல்லுங்க.

கலிஃபோர்னியா பீனல் கோட் (தண்டனைச் சட்டம்) 4025 படி ஜெயிலை நடத்துற ஷெரீஃப் வருஷா வருஷம் இந்த நிதிக்கு ஐட்டம் வாரியா கணக்கு எழுதி, கவுண்ட்டிய நிர்வாகம் பண்ற சூப்பர்வைசர் போர்டுக்குக் குடுக்கணும். பணம் முதன்மையா கைதிங்க நலனுக்குத்தான், ஆனா அதுக்குத் தேவைப்படாத காசுன்னா ஜெயில் பராமரிப்புக்கும் எடுக்கலாம், புரோகிராம் நடத்துற ஸ்டாஃப் சம்பளமும் அதுலேர்ந்தே போகலாம். ஓட்டை இங்கதான் இருக்குன்னு என் அபிப்பிராயம், செலவு பண்றதும் ஷெரீஃப், தேவையில்லன்னு சொல்றதும் ஷெரீஃப்.

அரசாங்க ஆவணத்த யாரும் கேட்டு வாங்கலாம்ங்கிற பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டத்துல மனு போட்டோம். 10 நாள்ல பதில் வரணும், வந்துது, இன்னும் 14 நாள் வேணும்னு! கடைசில ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் ஒண்ணு, பக்கமெல்லாம் சாஞ்சு கெடக்கு, கழுத்தத் திருப்பித் திருப்பிப் படிச்சா இருக்குறதுலயே பெரிய தொகைக்கு நேரா 'சேவைகள்'னு ஒரே வார்த்தை. என்ன சேவை, யாருக்கு, ஒண்ணும் இல்ல. போர்டு மீட்டிங்ல பேச நேரம் குடுத்தாங்க, நம்ம தலைவர் வணக்கம் நன்றின்னு பாதி நேரத்த ஓட்டிட்டாரு, கேள்விக்கு வரும்போது நேரம் முடிஞ்சு செகப்பு லைட் எரிஞ்சிருச்சு, அடுத்த தடவை நேரா கேள்விலேர்ந்து ஆரம்பிக்கிறதா ஒத்துக்கிட்டாரு.

முடியாத விஷயம் இல்லைங்க இது. சான் ஃபிரான்சிஸ்கோ 2020லயே ஜெயில் போனை இலவசமாக்கி, கேண்டீன்ல சராசரியா 43 சதவீதம் ஏத்தி வித்ததையும் நிறுத்திருச்சு, அதாவது 1 டாலர் சாமானை 1 டாலர் 43 சென்ட்டுக்கு வித்துட்டு இருந்தாங்க. மாநில அரசு நடத்துற ஸ்டேட் சிறை கேண்டீனுக்கு 2023ல வந்த சட்டம் 35 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாதுங்குது, கவுண்ட்டி ஜெயிலுக்கு அது செல்லாது.

அடுத்த வருஷம் கேண்டீன் கம்பெனியோட ஒப்பந்தக் காப்பி கேக்கப்போறோம், பிடிஎஃப் படிக்க ரெண்டு பேர் வேணும், கழுத்து வலி இல்லாதவங்களா இருந்தா நல்லது.

பேப்பர் பிளேட் பில் இன்னும் கெடைக்கல, பொருளாளர் தேடிக்கிட்டிருக்காரு.

இப்படிக்கு,
செயலாளர்