இங்கிலாந்தின் நியூகாசிலில் இருக்கும் மகளுக்கு

பாளையங்கோட்டை
அக்டோபர் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னது ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. "வந்து நாலு வாரம் ஆச்சுப்பா. பக்கத்து ரூம் பொண்ணு தினமும் 'யூ ஆல்ரைட்?'னு கேட்கிறா. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள போயிடுறா." இதைச் சொல்லும்போது உன் குரல் கம்மியிருந்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஊரில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான். 2003-இல் நர்ஸாகப் போய் 2012-இல் திரும்பினேன். நீ வளர்ந்ததில் பாதியை போனில்தான் கேட்டேன். இப்போது அதே ஊரில் நீ இருக்கிறாய், நான் இங்கிருந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பெண்ணின் விஷயம். "யூ ஆல்ரைட்?" என்பது கேள்வி இல்லை. நம் தெருவில் யாராவது வெளியே கிளம்பினால் "என்ன, தூரமா?" என்று கேட்பார்களே, அது மாதிரிதான். கேட்பவருக்கு நீ எந்த ஊருக்குப் போகிறாய் என்பது வேண்டாம். உன்னைக் கண்டும் காணாமல் போகவில்லை என்று தெரிவிக்கிறார், அவ்வளவுதான். நீயும் "ஆல்ரைட்?" என்று திருப்பிச் சொன்னால் முறை முடிந்தது. அவள் உன்னை அலட்சியம் செய்யவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரில் "தூரமா"வுக்குப் பின்னால் இரண்டாவது கேள்வி வரும், மூன்றாவதும் வரும். முகம் வாடியிருந்தால் காரணம் தெரியாமல் விடமாட்டார்கள். அங்கே அந்த இரண்டாவது கேள்வி வராது. இது எனக்குப் புரிய நாலு வருஷம் ஆனது.

நான் வேலை பார்த்தது எலும்பு முறிவு வார்டில். பக்கத்து ஊரான வால்ஸெண்டின் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், எண்பது தாண்டியவர், இடுப்பெலும்பு முறிந்து வந்து சேர்ந்தார். டைட்டானிக்கில் பிழைத்தவர்களை ஏற்றிவந்த கார்பேத்தியா அந்த ஊரில் கட்டிய கப்பல்தான். அதைச் சொல்லும்போது அவர் முகமே மாறிவிடும். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "நாட் டூ பேட், சன்" என்பார். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் கையில் விரல் முட்டி வெளுத்திருக்கும். சும்மா கிடக்கும் என்னால் உனக்கு எதற்குத் தொந்தரவு என்பதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். வாய் சொல்வதை எழுதிக்கொண்டு, கையைப் பார்த்து மருந்து கொடுக்க அவரிடம்தான் கற்றேன். அந்தத் தலைமுறையில் பலரும் அப்படித்தான் இருந்தார்கள்.

நாம் தப்பு செய்தாலும் சொல்லமாட்டார்கள். சேர்ந்த புதிதில் இடைவேளையில் எனக்கு மட்டும் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே கெட்டிலைப் போடுகிறவர் எல்லோரையும் கேட்டு, எல்லோருக்கும் போட வேண்டும். யாருக்குப் பால் அதிகம், யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று நினைவு வைத்துக்கொள்வது அங்கே பெரிய அன்பு. ஒரு மாதம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். நீயும் உன் சமையலறையில் கெட்டிலைப் போடும்போது அந்தப் பெண்ணின் கதவைத் தட்டி "டீ?" என்று கேள். அந்த ஒரு வார்த்தை போதும்.

இனி சொல்லப்போவதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

2007-இல் ஆச்சி போனாள். உனக்கு அப்போது ஐந்து வயது. நான் வந்து சேர இரண்டு நாளாகும், அதுவரை வைத்திருக்க முடியாது என்று தாத்தா சொல்லிவிட்டார். இங்கே வீடு நிறைய ஆட்கள். தெருப் பெண்கள் எல்லாம் கூடி ஒப்பாரி வைத்தது போனில் எனக்குக் கேட்டது. போனை வைத்த பிறகு ஹீட்டன் பகுதியில் நான் தங்கியிருந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. அன்று எனக்கு நைட் டூட்டி. என்ன செய்வதென்று தெரியாமல் உடுப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வார்டுக்குள் நுழைந்ததும் ஒருத்தர் "யூ ஆல்ரைட்?" என்றார். "யா, நாட் டூ பேட்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

காலை வரை வேலை செய்தேன். அடுத்த நாளும் செய்தேன். மூன்று வாரம் ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. இவர்கள் மனதில் ஈரமே இல்லை என்று நான் தீர்மானித்துவிட்டேன். அந்த நாட்களில் எனக்கு அவர்கள் எல்லோர் மீதும் கோபம் இருந்தது.

அப்புறம் லீவுக்கு எழுதிக்கொடுத்தபோது காரணம் எழுத வேண்டியிருந்தது. வார்டு சிஸ்டர் அதைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "ஏன் சொல்லவில்லை, பெட்?" என்றார். அந்த ஊரில் பிரியமாகக் கூப்பிடும் வார்த்தை அது, உன்னையும் கடைக்காரர்கள் கூப்பிட்டிருப்பார்கள். அன்றே லீவு கொடுத்திருப்பேனே என்றார். உன் முகம் சரியில்லை என்று எல்லோரும் பார்த்தோம், ஆனால் நீ நல்லா இருக்கிறேன் என்று சொன்னாய், அதற்கு மேல் தோண்டக்கூடாது என்று இருந்துவிட்டோம் என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நான் அங்கேயே அழுதேன். அதுதான் ஆச்சிக்காக நான் அழுத முதல் அழுகை.

இரண்டு நாள் கழித்து ஓர் அட்டை வந்தது. வார்டில் ஒருத்தர் விடாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சுத்தம் செய்ய வருகிற அம்மா ஆச்சியின் பெயர் என்ன என்று கேட்டு, அதைச் சரியாக உச்சரிக்கும் வரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அந்த அட்டை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. ஊருக்கு வரும்போது எடுத்துத் தருகிறேன்.

அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருத்தர் நல்லா இருக்கிறேன் என்றால் அந்தச் சொல்லை மதித்து விலகி நிற்பதை மரியாதை என்று நினைத்து வளர்ந்தவர்கள் அவர்கள். நாமோ, சொல்லாமலே கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்து வளர்ந்தவர்கள். அதனால் நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பாப்பா. எனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நேரடியாகச் சொல். வகுப்பில் புரியவில்லை என்றால் ஆசிரியரிடம் புரியவில்லை என்றே சொல். டாக்டரிடமும் அப்படித்தான், பரவாயில்லை என்று ஆரம்பித்தால் பாராசிட்டமால் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இன்னும் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்யவில்லை என்றாயே, இந்த வாரமே செய். விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவத்துக்காகவே கட்டியிருக்கிறோம், தயங்க வேண்டாம்.

இருட்டு வரப்போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் அங்கே மூன்றே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும். அப்போது மனம் சோர்ந்தால் உன் குற்றம் என்று நினைக்காதே. தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள், குளிர்காலத்தில் எல்லோருக்குமே அரசாங்கம் சொல்வதுதான். மதியத்தில் ஒரு நடை நட. டவுன் மூருக்குப் போ. ஊருக்கு நடுவில் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் புல்வெளி, ஃப்ரீமென் என்கிற உரிமைக்காரர்கள் இன்றும் அங்கே மாடு மேய்க்கிறார்கள். குளிர் இறுகுவதற்குள் மாடுகளை ஓட்டிப்போய்விடுவார்கள், அதனால் இந்த மாதமே போய்ப் பார். ஊர் நினைப்பு வரும்போதெல்லாம் நான் அங்கேதான் போய் நின்றேன். நாயோடு வருகிறவர்கள் இருப்பார்கள். நாயின் பெயரைக் கேள். மனிதரிடம் பேசத் தயங்குகிறவர்களும் நாயைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்.

அம்மா பருப்புப் பொடியும் முறுக்கும் பார்சல் கட்டியிருக்கிறாள். முறுக்கில் பாதி அந்தப் பெண்ணுக்கு.

இந்த மாதக் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு நீ ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் இங்கே விடிகாலை மூன்றரை. அப்பா தூங்குவார் என்று பார்க்காதே, கூப்பிடு.

உன் அப்பா