கதவைத் தட்டிய அக்காவுக்கு

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் இட்லி சுடும் அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அடித்த சத்தம் தெருவுக்கே கேட்டது. புருஷன் பொண்டாட்டி சண்டை என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அக்கா மட்டும் மூன்று பெண்களோடு வந்து கதவைத் தட்டி, "கொஞ்சம் சர்க்கரை இருக்காம்மா?" என்றார். ஓங்கிய கை இறங்கியது. சர்க்கரை வாங்கிய பிறகும் நால்வரும் வாசலை விட்டுப் போகவில்லை, விடியும்வரை.

அப்புறம் பெண்கள் உதவி எண் 181-க்கு போன் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். குடும்ப வன்முறையைப் பக்கத்து வீட்டார்கூடப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், 2005-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இடம் தருகிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

இப்போது எங்கள் தெருவில் சத்தம் கேட்டால் நாலு பேராகப் போய்த் தட்டுகிறோம். போன வாரம் நானும் போனேன் அக்கா, கையில் சர்க்கரைக் கிண்ணத்தோடு.