முதலில் கால்

அன்புள்ள மகளுக்கு,

பேத்தியைக் கராத்தேயில் சேர்த்து மூன்று மாதமாகியும் ஒரு உதைகூடச் சொல்லித்தரவில்லை, காலை அகட்டி நிற்கவைத்தே காசு வாங்குகிறார்கள் என்று போனில் சலித்துக்கொண்டாய். நான் சிரித்ததில் உனக்குக் கோபம்.

எனக்குப் பதினோரு வயதில் உன் தாத்தா என்னைச் சிலம்பத்துக்கு அனுப்பினார். ஆசான் களத்துமேட்டில் கோடு கிழித்து, வெறுங்கையோடு காலடி வைக்கச் சொன்னார். என் நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில் கம்பு சுவரில் சாய்ந்தே கிடந்தது. அதை என் கையில் கொடுப்பதற்குள் நான் வளர்ந்து, கம்பு மூக்களவுக்கு வந்துவிட்டது! நான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. பொங்கல் போட்டியில் இரண்டாம் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து எந்த விளையாட்டைப் பார்த்தாலும் என் கண் காலுக்குத்தான் போகிறது.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் முடித்தும், நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போய்விட்டது. கடைசியில் நெஞ்சை நீட்டியிருந்தால் கிடைத்திருக்கும் என்று எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பத்துத் தடைகள், நடுவே 35 மீட்டர் இடைவெளி. களைத்த காலோடு கணக்காகப் போய்ச் சேரவேண்டும், இல்லையென்றால் தடைக்கு முன்னால் தடுமாற்றம். அந்தத் துளி நேரம் எங்கே வேண்டுமானாலும் ஒழுகியிருக்கலாம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அதே 55.42-ல் ஓடியபோது, முப்பத்தொன்பது வருடம் அசையாத இந்தியச் சாதனை அது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

2021-ல் நீரஜ் சோப்ரா டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்தபோது நீ கத்தினாய். நான் அவருடைய இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிவந்த வேகத்தை அந்தக் கால் ஊன்றித் தடுத்ததும், அது இடுப்பு, தோள், கை என்று ஏறி ஈட்டிக்குப் போகிறது. "கால் நிக்காம கை வீசாதடா" என்று ஆசான் திட்டியதும் இதைத்தானே?

அதனால் வகுப்பை நிறுத்திவிடாதே. எனக்கு இப்போது மூட்டுவலி, மொட்டைமாடியில் நாலு காலடி வைப்பதோடு சரி. கோடை விடுமுறைக்கு வருமுன் பேத்தியின் உயரத்தை அளந்து சொல். நாலு விரற்கடை கூட்டியே கம்பு வெட்டச் சொல்கிறேன்.

அப்பா