பவர் சப்ளை மென்பொருளில் முதலில் சேர்க்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மின்சாரத்தைக் குறைந்த வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் பவர் சப்ளையை வடிவமைக்கும் மென்பொருளை இறுதியாண்டு புராஜெக்டாக எழுதும் மாணவர்களும், இலவசமாக எழுதி வெளியிடும் ஆர்வலர்களும் புதிய வசதி என்றதும் திரையழகைத்தான் முதலில் நினைக்கிறார்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் எந்நேரமும் 230 வோல்ட்டாக இருப்பதில்லை. 207, 230, 253 என்று மூன்று நிலைகளிலும் கணக்கிட்டுக் காட்டும் வசதிதான் முதலில் வர வேண்டும்.

வெளியீட்டை 12 வோல்ட்டில் நிலையாக வைக்கும் 7812 ஐ.சி.யை வைத்து 12 வோல்ட், 1 ஆம்பியர் சப்ளை செய்வதாகக் கொள்வோம். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி.யை டி.சி.யாக்கும் டயோடு பிரிட்ஜ், அதன் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் 3300 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். 230-இல் உச்சம் 21.2 வோல்ட், பிரிட்ஜில் 1.8 போனால் 19.4. ரிப்பிள், அதாவது மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம், 3 வோல்ட் என்பதால் அடிமட்டம் 16.4. ஐ.சி.க்கு 14 இருந்தாலே போதும். மென்பொருள் ‘சரி’ என்றுவிடும். 207-இல் பிரிட்ஜைத் தாண்டிய உச்சமே 17.3 ஆகிவிடுகிறது. கெபாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் வரை குறைவாக இருக்கலாம். அப்போது ரிப்பிள் 3.8, அடிமட்டம் 13.5; ஐ.சி.க்கு வேண்டிய 14-க்கும் கீழே. இந்த சப்ளையில் ஓடும் ஆம்ப்ளிஃபயரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும், செய்தவரோ ஐ.சி. போலி என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பார். 4700 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் அடிமட்டம் 14.6; தப்பித்துவிடும்.

253-இல் ஆபத்து வேறு. லோடு இல்லாதபோது சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 15 சதவீதம்கூடக் கூடுதலாகத் தரும். கெபாசிட்டரில் ஏறக்குறைய 26 வோல்ட் ஏறும். 25 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் கெபாசிட்டரைத் தேர்ந்தெடுத்தால் மென்பொருள் அங்கேயே தடுத்து, 35 வோல்ட் கேட்க வேண்டும்.

முழு லோடில் இதே 253-இல் ஐ.சி. 8.5 வாட் வெப்பத்தைத் தள்ள வேண்டியிருக்கும். 40 டிகிரி அறையில், உள்சூடு 125-ஐத் தாண்டாதிருக்க, இடையில் மின்காப்புக்கு வைக்கும் மைக்கா தாளையும் சேர்த்துக் கணக்கிட்டால், வாட்டுக்கு 4 டிகிரிக்கு மேல் சூடேறாத ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) தேவை. ஹீட்சிங்க் இல்லாமல் அந்த ஐ.சி. தாங்குவது வெறும் 1.3 வாட். அறைவெப்பத்தை 25 டிகிரி என்று முன்கூட்டியே நிரப்பி வைப்பது நம் ஊர்க் கோடைக்குப் பொருந்தாது.

டிரான்ஸ்ஃபார்மரின் ஆம்பியரையும் மென்பொருளே சொல்ல வேண்டும். கெபாசிட்டர் மின்னோட்டத்தைச் சிறு சிறு துடிப்புகளாக இழுப்பதால், 1 ஆம்பியர் டி.சி.க்கு 1.8 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். 1 ஆம்பியர் போதும் என்று வாங்கிவிட்டு, வார்னிஷ் கருகும் வாசனை வந்த பிறகு காரணம் தேடுபவர்கள் பலர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்